பள்ளியில் தவறிய ஊசியைப் பாமசி கண்டுபிடிக்கலாம்: மட்டக்களப்பு, அம்பாறை மருந்தாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் மருந்தாளர்கள் பாமசியிலேயே தடுப்பூசி போடுகிறார்கள். எந்த வயதுப் பிள்ளைக்குப் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நம் நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. வளரிளம் பிள்ளைகளுக்கான ஊசியை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) குழு பள்ளிக்கூடத்துக்கே வந்து போடுகிறது. அன்று தவறினால் கிளினிக்கில் போடலாம். இரண்டுமே இலவசம்.

அப்படியென்றால் பாமசிக்கு இதில் என்ன வேலை? பள்ளித் திட்டம் ஒரு குறிப்பிட்ட நாளில் நடப்பது. அந்த நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம், வீட்டில் கல்யாணம் இருந்திருக்கலாம், பாலத்துக்கு மேலால் வெள்ளம் போயிருக்கலாம். தவறிய பிள்ளைகளைப் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மிட்வைஃபும் தேடத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் தலையில் டெங்கும் இருக்கிறது, கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள். நமக்கோ அந்தக் குடும்பம் மாதம் ஒரு தடவையாவது தானாகவே கவுண்டருக்கு வருகிறது, அப்பாவின் பிரஷர் குளிசைக்கோ அம்மம்மாவின் இன்சுலினுக்கோ. ஊசியே வேண்டாம் என்று நிற்பவர்களை மாற்றுவது கடினம், அதற்கு நேரமும் போகும். தவறவிட்டவர்களைக் கண்டுபிடித்துச் சரியான இடத்துக்கு அனுப்புவதற்கு இரண்டு நிமிடம் போதும். பாமசி தன் நேரத்தை இந்த இரண்டாவது வேலையில்தான் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிதான்.

முதலில் அட்டவணையை மனதில் ஏற்றுங்கள்

நீளமான அட்டவணை தேவையில்லை. வளரிளம் பருவத்தில் தேசியத் திட்டத்தில் இருப்பவை இரண்டே இரண்டு.

தரம் 6 இல், 10 வயது முடிந்த பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசி. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரானது. இலங்கையில் இது 2017 இல் தேசியத் திட்டத்துக்குள் வந்தது, 6 மாத இடைவெளியில் 2 டோஸ் என்ற கணக்கில். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் ஒரு டோஸ் முறையையும் ஏற்றுக்கொண்டிருப்பதால், உங்கள் பகுதியில் இப்போது எத்தனை டோஸ் என்பதை எம்.ஓ.எச். அலுவலகத்தில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தரம் 7 இல், ஆண் பெண் இருபாலாருக்கும் ஏ.ரி.டி. ஊசி. ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பானுக்கும் எதிரானது. சனம் இதை ‘ஏற்பு ஊசி’ என்றே சொல்லும், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். வயலில் கால் கிழிந்து வருகிற பையனின் தகப்பனிடம் ஏ.ரி.டி. என்றால் விளங்காது.

இவை தவிர, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போட்டிருக்க வேண்டும். சின்னமுத்து ஒழிந்த நாடு என்று 2019 இல் பெயர் வாங்கினோம். 2023 இல் அது மறுபடி தலைகாட்டியது. அதனால் பெரிய பிள்ளையாக இருந்தாலும் சிறுவயது அட்டையில் வெற்றிடம் தெரிந்தால் அனுப்பிவையுங்கள்.

உங்கள் எம்.ஓ.எச். யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது சின்ன விசயமாகத் தெரியலாம். ஆனால் “எம்.ஓ.எச். ஒபிசுக்குப் போங்க” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் போகமாட்டார்கள், மீதிப் பேர் பிழையான இடத்துக்குப் போவார்கள். அம்பாறை மாவட்டத்தில் இந்தக் குழப்பம் கூட. மாவட்டம் ஒன்றுதான், சுகாதாரப் பிராந்தியம் இரண்டு. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகின்றன. அம்பாறை நகரப் பக்கம் வேறு பிராந்தியம். மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்கும் ஒரே பிராந்தியம்தான். ஆனால் அங்கே எழுவான்கரையில் கடை வைத்திருப்பவரிடம் படுவான்கரைச் சனமும் வரும். கல்லடியிலோ களுவாஞ்சிகுடியிலோ மருந்து வாங்குகிற அம்மா வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ இருந்து வந்திருக்கலாம். அவவின் எம்.ஓ.எச். வேறு.

ஆகவே ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் வாடிக்கையாளர்கள் வருகிற ஒவ்வொரு எம்.ஓ.எச். பிரிவுக்கும் மூன்று தகவலை எடுத்துவாருங்கள்: தடுப்பூசி கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு, அலுவலகத் தொலைபேசி இலக்கம் என்ன. அப்படியே உங்கள் பகுதி பி.எச்.ஐ.யையும் மிட்வைஃபையும் நேரில் பாருங்கள். “பள்ளிக்கூடத்தில் தவறின பிள்ளைகளை நான் உங்களுக்கு அனுப்பலாமா, எந்த நாளில் அனுப்ப?” என்று கேட்டால் சந்தோசப்படாத பி.எச்.ஐ. இருக்கமாட்டார். அவர் சொல்வதைத்தான் நீங்கள் கவுண்டரில் சொல்ல வேண்டும். அவர் ஒரு நாளும் நீங்கள் இன்னொரு நாளும் சொன்னால், வெறுங்கையோடு திரும்புகிற அம்மா அடுத்த முறை இருவரையும் நம்பமாட்டா.

பள்ளிகளின் திகதிகளையும் கேட்டுவையுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, சாய்ந்தமருது பக்கம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை உண்டு, தமிழ்ப் பாடசாலைகளின் தவணை வேறு. பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தாலும் ஊசி நாள் ஒன்றாக இருக்காது.

யாரிடம், எப்போது கேட்பது

எல்லாரிடமும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் கடை நடக்காது. சில மருந்துகளும் பொருட்களும் தாமாகவே சொல்லிவிடும், இந்த வீட்டில் 10 முதல் 15 வயதுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது என்று: பூச்சிக் குளிசை, முகப்பரு கிரீம், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்கு இன்ஹேலர், காயத்துக்குக் கட்ட பிளாஸ்டரும் டெட்டோலும். சீட்டில் வயது எழுதியிருந்தால் இன்னும் இலேசு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. சானிட்டரி பேட். நம் பக்கத்தில் பிள்ளை பெரிய பிள்ளையானால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் வைத்திருப்பது இன்றும் வழக்கம். சிலர் ஒரு கிழமை, சிலர் சாமத்தியச் சடங்கு முடியும்வரை. இது நடக்கிற வயதும் எச்.பி.வி. ஊசி போடுகிற வயதும் அநேகமாக ஒன்றுதான். பள்ளியில் ஊசி போட்ட அன்று அவள் வீட்டு மூலையில் இருந்திருப்பாள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் அட்டையில் அந்தக் கட்டம் வெற்றாகவே கிடக்கும். தாய் முதல்முறையாக மகளுக்குப் பேட் வாங்க வருகிற இடம் உங்கள் கவுண்டர். அந்தச் செய்தி ஆசிரியருக்குத் தெரியுமுன் உங்களுக்குத் தெரிகிறது.

ஆனால் பக்குவமாகக் கேட்க வேண்டும். கடையில் ஆம்பிளைகள் நிற்கும்போது கேட்கவே கூடாது. பெண் ஊழியர் இருந்தால் அவரிடம் விடுங்கள். இல்லாவிட்டால், “அக்கா, பிள்ளை எத்தினையாம் ஆண்டு? ஆறாம் ஆண்டு ஊசி போட்டாச்சா?” என்று பேட் பக்கமே பேச்சைக் கொண்டுபோகாமல் கேட்கலாம். மாதவிடாய் நாளில் ஊசி போடக்கூடாது என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். அது தடையே இல்லை. இந்த ஒரு வரியைச் சொன்னாலே சிலர் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்கள்.

பையன்களை மறக்க வேண்டாம். ஹிப்ழு மத்ரசாவில் (குர்ஆன் மனனப் பள்ளியில்) தங்கிப் படிக்கிறவர்கள், ஏழாம் ஆண்டோடு படிப்பை விட்டு வள்ளத்துக்கோ கராஜுக்கோ போனவர்கள், இவர்களுக்கு ஏற்பு ஊசி தவறியிருக்க வாய்ப்புக் கூட. துருப்பிடித்த கம்பி, மண்வெட்டி, மீன்முள் என்று காயப்படுகிறவர்களும் இவர்கள்தான். காயத்தோடு வருகிற பையனைப் பிளாஸ்டர் கொடுத்து மட்டும் அனுப்பாதீர்கள். ஆழமான, அழுக்கான காயம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எப்படிப் பேசுவது

ஒரு பேச்சை அப்படியே எழுதிக்காட்டுகிறேன்.

“ராத்தா, மகள் எந்த வகுப்பு?”

“ஏழு.”

“போன வருசம் ஸ்கூல்ல ஊசி போட்டாங்களா?”

“ஒண்டு போட்ட. மற்றது போட்ட அண்டைக்கு அவ போகல்ல.”

“பரவாயில்ல, மறுகா முதல்ல இருந்து தொடங்கத் தேவையில்ல. உங்கட கிளினிக் என்ன நாளெண்டு இந்தத் துண்டில எழுதித் தாறன். அட்டையையும் கொண்டு போங்க.”

அவ்வளவுதான். விரிவுரை இல்லை, பயமுறுத்தல் இல்லை. முதல் டோசுக்குப் பிறகு நாள் கடந்துவிட்டால் எல்லாம் வீண் என்று பெற்றோர் நினைப்பதுண்டு. போட்டது போட்டதுதான், மீதியைத் தொடரலாம். இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

புற்றுநோய் என்ற சொல்லை எப்படி எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். எடுத்தவுடன் சொல்லுங்கள்: “கர்ப்பப்பைப் பக்கம் வாற கேன்சரைத் தடுக்கிற ஊசி.” சுற்றிவளைத்தால்தான் சந்தேகம் வரும்.

வருகிற சந்தேகங்கள்

“இது பிள்ளை பிறக்காமல் பண்ணுற ஊசியாம்.”

இதைச் சிரித்துத் தள்ளாதீர்கள், முக்கியமாக நம் மாகாணத்தில். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், சாப்பாட்டில் மலட்டுக் குளிசை கலந்தார்கள் என்ற வதந்தியை வைத்துக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அதில் இருந்தது வெறும் மாக்கட்டி. இந்தப் பயம் எந்த அளவுக்குப் போகும் என்று பார்த்த ஊர் நாம். அதனால் நிதானமாக, தெரிந்ததைச் சொல்லுங்கள். இந்த ஊசி உலகில் 2006 இல் இருந்து பாவனையில் இருக்கிறது. 2017 இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு பார்த்தபோதே 27 கோடிக்கு மேற்பட்ட டோஸ் விநியோகமாகியிருந்தது; மலட்டுத்தன்மைக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: இது எல்லா இனப் பிள்ளைகளுக்கும், எல்லா மாவட்டத்திலும், ஒரே ஊசி. கொழும்பிலும் இதுதான், மாத்தறையிலும் இதுதான். ‘நமக்கு மட்டும்தானா இது?’ என்று நம் பக்கத்தில் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்விக்கு இதுதான் பதில்.

“பத்து வயசுப் பிள்ளைக்கு இப்ப எதுக்கு?”

எச்.பி.வி. வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுவது என்று கேள்விப்பட்டதும் சில பெற்றோருக்கு மனம் சுருங்கும். நம் பிள்ளை அப்படியான பிள்ளை இல்லை என்பார்கள். விவாதிக்க வேண்டாம். கல்யாணம் கட்டிய பிறகும் வரக்கூடிய வைரஸ்தான், கணவனிடமிருந்தும் வரலாம். வருமுன் போட்டால்தான் ஊசிக்குப் பலன், சின்ன வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை நன்றாக உண்டாக்கும். ஸ்கொட்லாந்தில் 2008 இல் பள்ளிக்கூடங்களில் இந்த ஊசியைத் தொடங்கினார்கள். 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் பரவும் நிலைக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024 இல் ஆய்வு வெளியானது. இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பேச்சு நடக்கும்போது தாயின் வயது 35 ஐ ஒட்டி இருந்தால், வெல் வுமன் கிளினிக்கில் அவவும் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யலாம் என்று சொல்லிவிடுங்கள். மகளுக்கு ஊசி, தாய்க்குப் பரிசோதனை, இரண்டும் அதே எம்.ஓ.எச். பிரிவில்.

“இதில பண்டி கலக்கிற தானே?”

பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகிற ஜெலற்றினைப் பற்றிய கேள்வி. கார்டசில் எச்.பி.வி. ஊசியில் ஜெலற்றின் இல்லை. எம்.எம்.ஆர். போன்ற சில ஊசிகளின் சில பிராண்டுகளில் உண்டு, ஆகவே ‘ஒன்றிலும் இல்லை’ என்று பொதுவாக வாயை விடாதீர்கள். எந்த ஊசி, எந்த பிராண்ட் என்று பார்த்து அதன் தாளைக் காட்டுங்கள். மார்க்கத் தீர்ப்பு உங்கள் வேலை இல்லை. ஊர் உலமாவிடமும் டொக்டரிடமும் விடுங்கள். நோன்பு நாளில் போடத் தயங்கினால் நோன்பு முடிந்து போடட்டும், ஒரு மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் போகிற திகதியை அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

“இப்ப மருந்தெல்லாம் போலியாமே?”

2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் வெளியானதற்குப் பிறகு இந்தக் கேள்வி நியாயமானதுதான், கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பாமசிக்காரரே “எங்கட கவர்மெண்டு...” என்று தலையாட்டி ஒத்துப்பாடினால் பிறகு ஊசிப் பேச்சை எடுக்க முடியாது. அரச தடுப்பூசிகள் தொற்றுநோயியல் பிரிவின் வழியாகக் குளிரூட்டிய சங்கிலியில் எம்.ஓ.எச். அலுவலகம் வரை வருகின்றன. போடுகிற ஊசியின் தொகுதி இலக்கம் பதியப்படுகிறது, அம்மா கேட்டும் பார்க்கலாம். இதைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள்.

மூன்று நிமிடத்துக்கு மேல் இழுபட்டால் நிறுத்துங்கள். வாக்குவாதத்தில் வென்றால் வாடிக்கையாளர் போய்விடுவார், ஊசியும் போடமாட்டார். “மிட்வைஃபிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க” என்று முடித்தால் அடுத்த மாதம் திரும்பப் பேச வழி இருக்கும்.

துண்டுச் சீட்டும் இரகசியமும்

விசிட்டிங் கார்ட் அளவில் ஒரு துண்டு அடியுங்கள். ஒரு பக்கத்தில் எம்.ஓ.எச். பிரிவு, கிளினிக் நாள், நேரம், தொலைபேசி. மறுபக்கத்தில் என்ன ஊசி என்று கையால் எழுத ஒரு வரி. பிள்ளையின் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெள்ளத்தில் போயிருந்தால் போகட்டும், அட்டை இல்லை என்று வீட்டில் இருக்க வேண்டாம், பிரிவில் பதிவு இருக்கலாம். கிளினிக்கில் புதிதாக எழுதித் தருகிற துண்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளை நாளைக்குக் கர்ப்பிணியாகப் பதியும்போது, எத்தனை ஏற்பு ஊசி தேவை என்று தீர்மானிக்க அந்தப் பதிவு உதவும்.

பெயர்ப் பட்டியல் வைக்கவே வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு ஊசி போடவில்லை என்பது அந்த வீட்டு விசயம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதும் சின்ன ஊரில் கடையை மூடுகிற வேலை. எத்தனை துண்டு கொடுத்தீர்கள் என்று மாதக் கடைசியில் எண்ணினால் போதும்.

ஊசி போட்ட பிறகு உங்களிடம் வருவார்கள்

கை வலி, இலேசான காய்ச்சல், தலையிடி வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். பெரசிற்றமோல் போதும்: ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே கொடுத்தனுப்பத் தேவையில்லை. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

வளரிளம் பிள்ளைகள் ஊசிக்கு மயங்கி விழுவது சாதாரணம், பெரும்பாலும் பயமும் வெறும் வயிறும்தான் காரணம். காலையில் சாப்பிட்டுப் போகவும், போட்ட பின் 15 முதல் 20 நிமிடம் உட்கார்ந்திருக்கவும் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் ஒருத்தி மயங்கினால் பார்த்துக்கொண்டிருக்கிற இன்னும் மூன்று பேர் மயங்குவார்கள், அதைத்தான் ஊரில் ‘ஊசி பிழையாம்’ என்பார்கள். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குதல் வந்தால் அது வேறு. மிக அரிது, ஆனால் காத்திருக்கக் கூடாது: உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். வழமைக்கு மாறான எதையும் எம்.ஓ.எச். அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

தனியார் ஊசி விற்கிற கடைகளுக்கு மட்டும்

கொப்புளிப்பான் ஊசி இலவசத் திட்டத்தில் இல்லை. ஓ.எல். பரீட்சைக்கு முன்னால் கேட்டு வருவார்கள், 13 வயதுக்கு மேல் என்றால் குறைந்தது 4 கிழமை இடைவெளியில் 2 டோஸ். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வந்தால் இரண்டும் முடியாது என்பதை விற்குமுன் சொல்லுங்கள். இலவசமாகக் கிடைக்கிற எச்.பி.வி.யைத் தகுதியான பிள்ளைக்குக் காசுக்கு விற்காதீர்கள். முதலில் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

வைத்திருந்தால் 2 முதல் 8 பாகைக்குள், பிரிட்ஜின் நடுத்தட்டில், காலையும் மாலையும் வெப்பமானி பார்த்து எழுதி வையுங்கள். எச்.பி.வி., ஏற்பு ஊசி போன்றவை உறைந்தால் திரும்ப உருகினாலும் பயன் இல்லை. ஐஸ்கட்டிக்கு மேலேயே வைத்துக் கொடுத்தனுப்புவது வெயிலில் கொண்டுபோவதைப் போலவே கெடுதல். கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது டோசை மறக்காமல் இருக்க

6 மாதம் என்பது யாருடைய நினைவிலும் நிற்காத இடைவெளி. அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் போய் விழுந்தால் பள்ளியும் மூடியிருக்கும், பாதையும் மூடியிருக்கும். துண்டில் திகதியை எழுதினால் துண்டு தொலையும். கவுண்டரிலேயே பெற்றோரின் போனில் அலார்ம் போட வைப்பதுதான் நல்லது, போடத் தெரியாவிட்டால் நீங்கள் போட்டுக் கொடுங்கள். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்றால் துண்டைப் படம் எடுத்துத் தாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அம்மம்மா மறந்தாலும் அவ குவைத்தில் இருந்து கோல் எடுத்து ஞாபகப்படுத்துவா.